புல்தரையில் ஒரு கோடு

உன் புல்தரை நன்றாக வந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லுவாய். வேப்ப மரத்தடியில் சொட்டைத்தலை மாதிரிக் கிடந்த இடம் மூடிவிட்டது. தண்ணீர்த் தொட்டி ஓரம் குழியும் மேடுமாக இருந்ததை மண் சலித்துப் போட்டு மட்டம் செய்துவிட்டேன். வரவேற்புக்கு நாற்காலி போட்டால் ஒரு கால்கூட ஆடாது. பின்பக்கச் சுவரிலிருந்து முன்பக்கத்துச் சின்ன கேட் வரைக்கும் குறுக்கே ஒரு கோடு மட்டும் மொட்டையாகக் கிடக்கிறது, இரண்டு அடி அகலத்துக்கு. அது பூச்சி தின்றதும் இல்லை, வெயிலில் காய்ந்ததும் இல்லை. நேற்று காலையில் உட்கார்ந்து பிடிபிடியாக நானே பிடுங்கிப் போட்டேன். ஏன் என்று கேட்க இந்நேரம் போனை எடுத்திருப்பாய். வை கீழே. நான்கு நாளாக நான் கூப்பிட்டபோதெல்லாம் "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்புட்றேன்" என்று வைத்தவன்தானே நீ? இப்போது நான் பேசுகிறேன், நீ கேள். எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, பொறுத்துக்கொண்டு படி. உறையை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். உன் கல்யாணப் பெண் படித்தாலும் சரி, உன் ஆபீசில் யார் பிரித்துப் படித்தாலும் சரி, எனக்கு ஒரு கவலையும் இல்லை.

மாசி மாதம் நீ போன் செய்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அம்மா, நர்சரிக்காரன் நல்லா ஏமாத்திட்டாம்மா. பாய் மாதிரி விரிச்சிட்டுப் போனான், இப்பப் பாத்தா திட்டுத் திட்டா செத்துக் கெடக்குது. வைகாசியில ரிசப்ஷன் அங்கதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நீ வந்து பாரும்மா. ஒனக்குத் தெரியாத புல்லா?" என்றாய். அந்தக் கடைசி வார்த்தையில் நான் எப்படிக் குளிர்ந்துபோனேன் தெரியுமா? விழுப்புரத்தில் பெரிய ஆபீசர் பங்களாவில் இருபத்திரண்டு வருஷம் தினக்கூலிக்குத் தோட்ட வேலை செய்தவள் நான். நம் தெருவில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. 'பங்களாவுல புல்லு புடுங்குதே, அந்தம்மா' என்றால்தான் தெரியும். பள்ளிக்கூட பாரத்தில் தாயார் தொழில் என்று கேட்ட இடத்தில் நீ 'இல்லத்தரசி' என்று எழுதிக்கொண்டு வந்தாய். பார்த்தும் பார்க்காத மாதிரிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அப்படிப்பட்ட பிள்ளை இத்தனை வருஷம் கழித்து என் தொழிலுக்கு மரியாதை கொடுத்துக் கூப்பிட்டால் வராமல் இருப்பேனா? முழங்கால் வலிக்கிறது என்றுகூடச் சொல்லாமல் மறுநாளே பஸ் ஏறிவிட்டேன்.

விழுப்புரத்தில் ஏழு மணிக்கு ஏறினால் எட்டரைக்குள் உன் வீட்டு வாசல். நீ ஆபீஸ் இருக்கிற ஊரிலேயே கிடப்பதால் வீட்டுச் சாவி என்னிடம்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பிவிடுவேன். முதல் நாளே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. வீடு கட்டினவன் மிச்சமான ஜல்லி, சிமெண்ட் கட்டி, உடைந்த டைல்ஸ் எல்லாவற்றையும் தோட்டத்திலேயே தள்ளி மேலே நான்கு விரல் செம்மண்ணைத் தூவிவிட்டுப் போயிருக்கிறான். நர்சரிக்காரன் அதன்மேல் புல்லை விரித்துக் காசை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டான். வேர் எங்கே போகும்? கடப்பாரையால் கிளறி, கூடை கூடையாகக் கல்லைப் பொறுக்கினேன். மக்கின சாணமும் மணலும் கலந்து நிரப்பினேன். நன்றாக இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புல்லைக் கிள்ளி எடுத்து, கழனியில் நாற்று நடுகிற மாதிரி இரண்டு விரல் இடைவெளி விட்டு நட்டேன். தினமும் காலையில் ஒரு தண்ணீர், சாயங்காலம் ஒரு தண்ணீர். பதினைந்தாம் நாள் பச்சை ஓட ஆரம்பித்தது. முழங்காலுக்குக் கீழே சாக்குப் பையை மடித்துப் போட்டுக்கொண்டு அந்தப் பச்சையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பங்களாவில் செய்த வேலைதான், ஆனால் இது என் பிள்ளை வீட்டுப் புல் என்று ஒரு திமிர் எனக்கு.

அந்தக் கோட்டில் மட்டும் ஒன்றும் பிடிக்கவில்லை. நட்ட நான்காம் நாளே சருகாகிவிடும். கொத்திவிட்டு மறுபடி நட்டேன், மறுபடி செத்தது. வேர்ப்புழுவாக இருக்கும் என்று தோண்டிப் பார்த்தேன், ஒரு புழுவும் இல்லை. அடியில் சுண்ணாம்பு கொட்டியிருப்பானோ என்று ஒரு முழம் ஆழம் வெட்டினேன், அதுவும் இல்லை. மண் மட்டும் சிமெண்ட் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. இருபத்திரண்டு வருஷம் புல்லோடு கிடந்தவளுக்கு இது ரொம்ப அவமானமாகப் போய்விட்டது. இன்றைக்கு இதை ஒரு கை பார்த்துவிடுவது என்று ஒருநாள் விழுப்புரம் திரும்பாமல் உன் வீட்டிலேயே தங்கினேன்.

காலை ஐந்தரை இருக்கும், சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். பின்பக்கம் கல்கால் நட்டுக் கம்பி கட்டியிருந்தாயே, அதில் ஒரு மூலையில் இடைவெளி இருந்ததல்லவா, அதன் வழியாக ஆறு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். நேரே என் கோட்டின் மேல். எனக்கு வந்ததே கோபம். "யாருடி அது? புல்லு மேல கால வெக்கறது? எறங்குங்க, எறங்குங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அது என் பங்களாக் குரல். அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். முன்னால் வந்தவள் கன்னியம்மா, நாற்பது வயது இருக்கும், மார்க்கெட்டில் வெங்காயம் பிரிக்கிற வேலை. "நாங்கதாம்மா, ஏரிக்கரை வூட்டுக்காரங்க. ஆறு மணி பஸ்ஸ புடிக்கப் போய்க்கினு இருக்கோம். எங்க அப்பன் பாட்டன் காலத்துலருந்து இதாம்மா ரோட்டுக்கு வழி. வூடு கட்டினப்பகூட யாரும் ஒண்ணும் சொல்லல. புல்லு நசுங்கிடப் போவுதுன்னு செருப்பக்கூட கயட்டிக் கையில எடுத்துக்கினுதாம்மா போறோம்" என்றாள். ஆமாம், ஆறு பேர் கையிலும் செருப்பு இருந்தது. இடது கையில் சோற்றுத் தூக்கு, வலது கையில் செருப்பு. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? அப்பாடா, புல் ஏன் வரவில்லை என்று கண்டுபிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

உனக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னவள் நான்தான், அதை நான் மறைக்க மாட்டேன். நீ "சூப்பர்மா! நீதாம்மா கரெக்ட்டா கண்டுபுடிச்ச. நான் பாத்துக்கறேன்" என்றாய். மூன்றாம் நாள் ஹாலோ பிளாக் கல் வந்து இறங்கியது. ஒரு வாரத்தில் பின்பக்கம் முழுக்க ஆள் உயரச் சுவர், சின்ன கேட்டுக்கு ஒரு பூட்டு. கொத்தனாருக்கு டீ போட்டுக் கொடுத்ததும் நானே. சுவர் எழுந்ததும் அந்தக் கோட்டில் மூன்றாம் முறை நட்டேன், சும்மா ஜம்மென்று பிடித்துக்கொண்டது. போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ வரிசையாக மூன்று இதயம் போட்டாய். அந்த மூன்று இதயத்தையும் பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்டினேன்.

அந்த ஏரிக்கரையில் பதினைந்து வீடு. எல்லாரும் இருளர்கள். உன் நிலத்தின் வழியாக வந்தால் அவர்களுக்கு ரோடு ஐந்து நிமிஷம். இல்லையென்றால் ஏரிக்கரை மேலேறி, சீமைக்கருவேல முள்ளுக்கு நடுவே சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம். எனக்கு இது தெரியாது என்று சொன்னால் பொய். யோசித்திருந்தால் தெரிந்திருக்கும், நான் யோசிக்கவில்லை. போன வாரம் ஒருநாள் ஒன்பது மணி வெயிலில் கன்னியம்மா முன் கேட்டுக்கு வந்து நின்றாள். முகமெல்லாம் வேர்வை, புறங்காலில் முள் கீறல். "எம்மா, கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றாள். உள்ளே சமையலறையில் எவர்சில்வர் டம்ளர் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? புல்லுக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்த ஹோஸ் பைப்பை அப்படியே நீட்டினேன். அவள் இரண்டு கையையும் குவித்து வாயில் வைத்துக் குடித்தாள். ஊர்க்காரர்கள் நம் தெருவுக்குத் தண்ணீர் ஊற்றுவார்களே, அதே மாதிரி. நம் தெரு அந்த ஜனங்களை எப்படிப் பார்த்தது என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். என் கையும் அந்தத் தெருவில் வளர்ந்த கைதானே, தானாக நீண்டுவிட்டது. இதை எழுதும்போது எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

குடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "சுத்திக்கினு வந்து இந்த மாசத்துல மூணு நாளு பஸ்ஸ வுட்டுட்டேம்மா. நாளையிலருந்து வராதன்னு மண்டிக்காரர் சொல்லிட்டாரு. நாங்க மிதிச்சது தப்புதாம்மா. மிதிபட்ட புல்ல நாங்களே வந்து நட்டுக் குடுத்துட்றோம். கூலி வாணாம். வழிய மட்டும் வுடச் சொல்லும்மா."

இதே வார்த்தையை நான் இதற்கு முன்னால் ஒருமுறை கேட்டிருக்கிறேன். நீயும் கேட்டிருக்கிறாய், என் இடுப்பில் இருந்துகொண்டு. உனக்கு அப்போது ஐந்து வயது. கெடாருக்கு அந்தப் பக்கம் நம் ஊரில் உன் தாத்தா, என் அப்பா, செத்துப்போன ஐப்பசி மாதம். சுடுகாட்டுக்குப் போகிற வழி ஒருத்தர் கழனி ஓரமாகப் போகும், எத்தனையோ தலைமுறையாக நடந்த வழி. அந்த வருஷம் நடவு முடிந்த கையோடு முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். பாடையைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டு உன் பெரிய மாமா ஓடிப்போய் அவர் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். "மிதிபட்ட நாத்த நாங்களே நட்டுக் குடுத்துட்றோங்க. கூலி வாணாங்க. வழிய மட்டும் வுடுங்க" என்றார். அந்த மனிதர் கோபப்படக்கூட இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே, "பயிரு மிதிபடும். பட்டா எம் பேர்ல இருக்குது. வழின்னு எதுல எழுதியிருக்குது, காட்டு" என்றார். ஓடை வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனோம். இடுப்பளவு தண்ணீர், மேலே மழை. பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, தாத்தா நனையறாரும்மா, தாத்தா நனையறாரும்மா" என்று அழுதுகொண்டே வந்தாய். உனக்கு நினைவில்லை என்று சொல்லாதே. கல்லூரியில் படிக்கும்போது ஒருமுறை நீயே அதைச் சொல்லி என் மடியில் படுத்து அழுதிருக்கிறாய்.

கன்னியம்மா போனதும் உனக்குப் போன் போட்டேன். அன்றைக்கு நல்லவேளையாக எடுத்தாய். பூட்டைத் திற, சுவரில் ஒரு ஆள் போகிற அளவுக்காவது வழி விடு என்றேன். நீ கோபப்படக்கூட இல்லை. "பட்டா என் பேர்ல இருக்கும்மா. வழின்னு டாக்குமெண்ட்ல எங்க இருக்குது, காட்டச் சொல்லு" என்றாய். அடப்பாவி! அவருடைய வார்த்தையை எங்கேடா பொறுக்கினாய்? வெற்றிலை மட்டும்தான் உன் வாயில் இல்லை. அதோடு நிற்காமல், "நான் என்ன சாதி பாத்தா செஞ்சேன்? செக்யூரிட்டிம்மா. ரிசப்ஷனுக்கு ஆபீஸ்லருந்து பெரிய ஆளுங்கள்லாம் வர்றாங்க. நடுவுல யார் யாரோ கிராஸ் பண்ணிக்கினு இருந்தா என்ன நெனப்பாங்க?" என்றாய். செக்யூரிட்டியா? செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறவளிடமிருந்து எதைக் காப்பாற்றுகிறாய் நீ? அவர்கள் உன் வீட்டில் ஒரு மாங்காயைத் தொட்டதுண்டா? அந்த மனிதரும் சாதி என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, தெரிந்துகொள். பயிர் என்றார். நீ புல் என்கிறாய், செக்யூரிட்டி என்கிறாய். அவர் பயிரிலாவது நெல் விளைந்தது.

எனக்கு உன்மேல் மட்டும் கோபமில்லை. இதை உனக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தானோ என்று இந்த நான்கு நாளும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். உனக்கு எட்டு வயது இருக்கும்போது பள்ளிக்கூடம் விட்டு நேரே பங்களாவுக்கு வந்தாய். தாகம் உனக்கு. குழாயைப் பார்த்ததும் புல்தரைக்குக் குறுக்கே ஓடினாய். ஆபீசர் வீட்டம்மா வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை, தலையைத் தூக்கிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். நான் மண் கையோடு ஓடிவந்து உன்னைப் பளார் என்று அறைந்தேன். "புல்லு மேல கால வெப்பியா? வெப்பியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். நீ அழவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. ஓரத்துச் செங்கல் மேல் ஒரு காலுக்கு முன்னால் ஒரு காலாக வைத்துச் சுற்றிக்கொண்டு வெளியே போனாய், கன்னத்தில் என் ஐந்து விரலும் சேறாக. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அடித்தேன் என்று எனக்கு நானே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்காக உன்னிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். தப்புதான் கண்ணு, புல்லுக்காகப் பெற்ற பிள்ளையை அடித்திருக்கக் கூடாது.

கிரகப்பிரவேசத்தன்று நீ என் கையைப் பிடித்து அந்தப் புல்லின் நடுவே கொண்டுபோய் நிறுத்தி, "அம்மா, இது நம்ம புல்லு. செருப்பு போட்டுக்கினே நட. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றாயே, நினைவிருக்கிறதா? பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன், என் பிள்ளை அந்த அடியை மறந்துவிட்டான் என்று. நீ மறக்கவே இல்லை. அந்தப் பங்களா வராந்தாவில் ஒரு நாற்காலி பிடிக்கத்தான் இவ்வளவு படித்து, இவ்வளவு சம்பாதித்திருக்கிறாய். பிடித்துவிட்டாய், சந்தோஷம். இப்போது நீ தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும், கத்துவதற்கு நான் இருக்கிறேன். கத்தவும் செய்தேனே!

அதனால்தான் நேற்று அந்தக் கோட்டைப் பிடுங்கினேன். நட்ட கைக்குத்தான் வலித்தது, அது கிடக்கட்டும். பிடுங்கிவிட்டு ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு கன்னியம்மா வீட்டுக்கு நடந்தேன். என் முழங்காலுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது, புடவையில் இரண்டு இடத்தில் முள் கிழித்தது. அவள் பதறிப்போய்ப் பாயை விரித்தாள். தண்ணீர் கேட்டேன். டம்ளரைக் கழுவி, மறுபடி கழுவி, கொடுக்கலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாங்கி வாய் வைத்துக் குடித்தேன். ஹோஸ் பைப்புக்காக மன்னிப்புக் கேட்டேன். "அத்த வுடும்மா" என்று அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு வேலை இன்னும் கிடைக்கவில்லை. மண்டிக்காரரிடம் நானே போய்ப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது கவனமாகக் கேள். சுவரை நான் இடிக்கவில்லை. நீ எழுப்பியது, நீதான் எடுக்க வேண்டும். கோடு எங்கே முட்டுகிறதோ அந்த இடத்தில் கடப்பாரையைச் சாய்த்து வைத்திருக்கிறேன். வரவேற்பு அன்றைக்கு எனக்குக் கார் அனுப்பாதே. நீ எடுத்துக் கொடுத்த பட்டுப்புடவையைக் கன்னியம்மா வீட்டில்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன். அங்கிருந்து அவர்கள் போகிற வழியில்தான் வருவேன், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. வழி இருந்தால் வந்து உன்னையும் உன் பெண்டாட்டியையும் வாயார வாழ்த்தி, உன் ஆபீஸ் பெரிய ஆட்களோடு உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போவேன். சுவர் இருந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பேன், பாட்டும் லைட்டும் அணைகிற வரைக்கும் நிற்பேன். மாப்பிள்ளையின் அம்மா எங்கே என்று யாராவது கேட்டால் என்ன சொல்லுவாய் என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள். பட்டாவை எடுத்துக் காட்டு.

அத்தனை கஷ்டப்பட்டு வளர்த்த புல் போய்விடுமே என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது, வளர்த்தவள் நான்தானே. அதற்கு நீ ஒன்றும் கவலைப்படாதே. மிதிபட்ட புல்லை நானே வந்து நட்டுக் கொடுத்துவிடுகிறேன். கூலி வேண்டாம். வழியை மட்டும் விடு.